மழையை அறிவோரும் மதகைத் திறப்போரும்

காஞ்சிக்கு அண்மையிலுள்ள கூரத்தை ஆழ்வானின் அவதார ஸ்தலமென்று யாவரும் அறிவர். அவ்வூருக்கு வேறொரு பெருமையும் உண்டு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, பரமேசுவர தடாகம் என்னும் ஏரியையும், அதற்குப் பாலாற்று நீரைக் கொணர வெட்டிய பெரும்பிடுகு என்னும் காலையும் குறிப்பிடுகின்றது. வான்மழையை நம்பியே வாழும் நாடு இது என்பதை அன்றைய அரசு உணர்ந்திருந்தது. இன்றைய அரசு அதனை எவ்வளவு உணர்ந்திருக்கிறது என்பதே நம் கேள்வி.

கருவிகளுக்குப் பணம் ஒதுக்குவதில் குறைவில்லை. 2024 செப்டம்பரில் ‘மிஷன் மௌசம்’ திட்டத்திற்கு இரண்டு வருஷங்களுக்கென 2,000 கோடி ரூபாயை மத்திய மந்திரி சபை அனுமதித்தது. ராடார்களும் கணிப்பு யந்திரங்களும் பெருகுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அதே வருஷத்தின் தொடக்கத்தில், விவசாயிகளுக்கு வட்டாரவாரியாக யோசனை சொல்லிவந்த 199 மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகளை மூடும்படி உத்தரவாயிற்று. யந்திரத்தை வாங்கிவிட்டு, அதன் சொல்லை எடுத்துரைக்கும் மனிதனை வீட்டுக்கு அனுப்புவது எவ்வகைச் சிக்கனம்?

மனிதரைப் பயிற்றினால் விளையும் பயன் நம் நாட்டிற்குப் புதியதன்று. சென்னை ராஜதானிக் கல்லூரியில் பயின்ற அன்னா மாணி, 1945-ல் லண்டன் சென்று வானிலைக் கருவி நுட்பத்தைக் கற்றார். 1948-ல் புனா அலுவலகத்தில் சேர்ந்த அவர், ஏறக்குறைய நூறு கருவிகளின் வரைபடங்களை ஒழுங்குபடுத்தி, அவற்றை இந்நாட்டிலேயே செய்ய வழிகோலினார். ஒருவருக்கு அளித்த பயிற்சி ஒரு தேசத்திற்கு உதவிற்று. புனாவிலுள்ள வானிலைப் பயிற்சி நிலையத்தில் அயல்நாட்டினரும் வந்து கற்கின்றனர். அவ்வறிவு புனாவோடும் நுங்கம்பாக்கத்தோடும் நின்றுவிடலாகாது என்பதே நம் வாதம்.

ஏனெனில், முன்னறிவிப்பு என்பது இருவர் கூடிச் செய்யும் காரியம். சொல்பவர் ஒருவர்; கேட்டு நடப்பவர் ஒருவர். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தால் ‘கனமழை’, 204.4-ஐக் கடந்தால் ‘அதி கனமழை’. மஞ்சள் நிறம் கவனித்திருக்கச் சொல்கிறது. ஆரஞ்சு ஆயத்தமாகச் சொல்கிறது. சிவப்பு உடனே செயற்படச் சொல்கிறது. இவற்றின் பொருளைத் தாலுகா உத்தியோகஸ்தரும், ஏரி மதகைக் காக்கும் லஸ்கரும், பஞ்சாயத்துத் தலைவரும் ஐயமற அறிவார்களா? 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. எப்போது, எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்ற வழக்காடல் பின்னர் நெடுநாள் நடந்தது. உயிரிழந்தோருக்கு அதனால் பயனில்லை. வானிலை நிபுணரும் நீர்வள அதிகாரியும் மழைக்கு முன்பே ஒரே மேஜையில் அமர்ந்து பழகியிருத்தலே பயன் தரும்.

காஞ்சியின் நெசவாளரையும் இங்கே நினைக்க வேண்டும். வீதியில் பாவு விரித்திருக்கையில் மழை பிடித்துக்கொண்டால் பட்டு பாழ். தறிக்குழியில் நீர் புகுந்தால் பல நாள் கூலி நஷ்டம். ஆறு மணி நேரம் முன்னதாகத் தெளிந்த தமிழில் வரும் ஒரு சொல் அவர்களைக் காக்கும். நிபுணர்களின் பரிபாஷையில் அச்சொல் வந்தால் வந்தும் வாராததே.

உத்தியோகஸ்தர்களைப் பயிற்சிக்கு அனுப்பினால் அன்றாட வேலை கெடுமே என்று சிலர் ஆட்சேபிப்பர். இரண்டு நாள் வேலை கெடுவது மெய்யே. பயிற்சியில்லாத ஒருவர் ஓர் இரவில் செய்யும் பிழையால் கெடுவதை அதனோடு நிறுத்துப் பார்க்கட்டும்.

ஆகவே சர்க்காரை நாம் கேட்பவை மூன்று. வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒவ்வொரு செப்டம்பரிலும், காஞ்சி போன்ற மாவட்டத் தலைநகரங்களில் வானிலை ஊழியர்க்கும் நீர்வள, வருவாய், விவசாய ஊழியர்க்கும் கூட்டாகப் பயிற்சி முகாம் நடத்துக. அதனைத் தமிழிலேயே நடத்துக. பயின்றவரை ஆண்டுக்கொரு முறை ஒப்பந்தத்தில் அலைக்கழிக்காது நிலையான பதவியில் அமர்த்துக. பல்லவன் வெட்டிய காலில் நீர் வந்தது. இன்றைய சர்க்கார் அறிவு பாயும் காலை வெட்டட்டும்.