எந்தத் தண்ணீரில் இறங்குவது?

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு ஓட்டெடுப்பு ஓடியது. 1998-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன், இப்போது ஓசூரில் இருக்கிறான், அடுத்த வருஷம் வெளிநாடு போய் முழுத் தூர டிரையத்லான் செய்யப் போகிறானாம். மூன்று ஊர்களைப் படத்தோடு போட்டு, "எங்கே போகலாம், சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தான். ஜெர்மனியின் ரோத்துக்கு 31 ஓட்டு. ஆஸ்திரேலியாவின் பஸல்டனுக்கு 9. மலேசியாவின் லங்காவிக்கு 2. ரோத் படத்தில் மலைச்சாலையின் இரண்டு பக்கமும் ஜனம் முட்டி மோதி நின்று கை தட்டுகிறது, நடுவில் ஒரு சைக்கிள் போகும் இடம்தான் பாக்கி. அதைப் பார்த்தால் யாருக்கும் கை தானாகப் போய் அமுக்கும். லங்காவிக்கு அவன் போட்டிருந்ததோ ஒரு தென்னைமரம்.

நான் ஓட்டுப் போடவில்லை. "சார், நீங்க மட்டும் போடலையே" என்று கேட்டான். அதற்கான பதில்தான் இது.

விஷயம் தெரியாத சொந்தக்காரர்களுக்கு இரண்டு வரி. இந்தப் போட்டியில் முதலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல். ஈரத்தோடு ஏறி 180 கிலோமீட்டர் சைக்கிள், அதாவது திருநெல்வேலியிலிருந்து மதுரை போய் அதற்கு மேலும் கொஞ்சம். இறங்கியதும் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில். அயர்ன்மேன் என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பாலும் 17 மணி நேரம் தருவார்கள். அதோடு ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிக் கெடு உண்டு. நீச்சலை 2 மணி 20 நிமிடத்துக்குள் முடிக்காவிட்டால் சைக்கிளைத் தொட விடமாட்டார்கள். "எதுக்குடா இந்த வேண்டாத வேலை" என்று கேட்கும் அத்தைமார்களுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆசை, அவ்வளவுதான்.

சைக்கிளை நான் பள்ளிக்கூடத்துக்குப் போகத்தான் ஓட்டினேன். டிப்ளமா முடித்து வந்து கடைசிவரை சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த ஆள். எனக்கு இதில் என்ன பேச்சு என்றால், ஒரு தடவை இதே கேள்விக்குத் தப்பான பதில் சொல்லிவிட்டேன்.

2022-இல் என் தங்கை மகன் கேட்டான். "மாமா, லங்காவியா, ஐரோப்பாவா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க." நான் யோசிக்கவே இல்லை. "போறதுதான் போறே, பெரிய எடத்துக்கே போயேன்டா" என்றேன். உலக வரைபடத்தைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு எங்கேயும் போகாதவனுடைய பதில் அது. அவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

அவன் நீச்சல் பழகியது குறுக்குத்துறையில், தாமிரபரணியில். பிறகு சென்னையில் வெந்நீர் மாதிரி இருக்கும் நீச்சல் குளத்தில். பத்து மாதம் விடிகாலை மூன்றரைக்கு எழுந்து ஈ.சி.ஆர். சாலையில் சைக்கிள் ஓட்டினான். அவன் போன ஏரியின் தண்ணீர் 17 டிகிரி. அதற்கு வெட்சூட் என்ற ரப்பர் சட்டை போட வேண்டும். கடன் அட்டையில் வாங்கினான். சென்னைக் குளத்தில் அதைப் போட்டுப் பத்து நிமிஷம் நீந்தினால் அவித்த கிழங்காகிவிடுவோம் என்று கழற்றிவைத்தவன், அடுத்து அதை மாட்டியது போட்டியன்றுதான். விசா கடைசி வாரத்தில்தான் கைக்கு வந்தது. போய் இறங்கி இரண்டாம் நாள் போட்டி.

தண்ணீரில் இறங்கியதும் மூச்சு வாங்கியிருக்கிறது. குளிர்ந்த நீர் திடீரென்று முகத்திலும் நெஞ்சிலும் பட்டால் உடம்பு தானாக மூச்சை இழுக்கும், நாம் சொன்னாலும் கேட்காது. மிதந்தபடி ஓரிரு நிமிஷம் பொறுத்தால் அது அடங்கும். பழக்கப்பட்டவனுக்கு இது தெரியும். இவனுக்கு அதுதான் முதல் தடவை. கழுத்தை இறுக்கும் சட்டை வேறு. ஒரு கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை. படகில் தூக்கிப்போட்டுப் பளபளவென்ற தாளைச் சுற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கரையில் அவன் மனைவியும் நாலு வயசுப் பிள்ளையும் நின்றார்கள்.

பி.எஃப். பணத்தில் கை வைத்துப் போனவன். சைக்கிள் ஊருக்குத் திரும்பிவந்தபோது நான் அவன் வீட்டில் இருந்தேன். பெட்டியைத் திறந்தான். டயரில் ஒரு பொட்டு தூசி இல்லை. மூடி வைத்துவிட்டான். ஏறக்குறைய ஒரு வருஷம் திறக்கவில்லை. "உங்களாலதான் மாமா" என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதன்பிறகுதான் நான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். வாத்தியார் புத்தி, தப்பாகச் சொன்ன பிறகுதான் புத்தகத்தைத் திறக்கும். இந்தப் போட்டி தொடங்கியது 1978 பிப்ரவரி 18-ஆம் தேதி, ஹவாயில் ஓவாஹு தீவில். ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் யோசித்தது. நீந்துகிறவன் பெரியவனா, சைக்கிள்காரனா, ஓடுகிறவனா என்று ஒரு வாக்குவாதம். அந்தத் தீவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த கடல் நீச்சல், தீவைச் சுற்றும் சைக்கிள் பந்தயம், ஹொனலூலு மாரத்தான், இந்த மூன்றின் தூரத்தையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். 15 பேர் இறங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்தவருக்கு 11 மணி 46 நிமிடம் ஆனது.

எனக்கு இதில் பிடித்தது ஒன்று. அவர்கள் எந்த ஊரையும் தேர்ந்தெடுக்கவில்லை. தினம் பார்க்கிற கடல், தினம் போகிற ரோடு, பழகின வெயில். அங்கேயே கோட்டைப் போட்டார்கள். நாம் இப்போது படத்தைப் பார்த்து ஊரைப் பிடித்துவிட்டு, பிறகு உடம்பை அதற்கு மாற்றப் பார்க்கிறோம். அதுவும் பதினொரு மாதம் ஆபீஸ் போய்க்கொண்டே.

சரி, இப்போது ஓசூர்க்காரனுக்கு.

ரோத் நல்ல போட்டிதான், அதில் சந்தேகமே இல்லை. (அது அயர்ன்மேன் நிறுவனத்துடையது அல்லப்பா, சேலஞ்ச் என்ற பெயரில் நடப்பது. தூரம் ஒன்றுதான்.) நீச்சல் மைன்-டான்யூப் கால்வாயில்; அலை இல்லை, உப்பு இல்லை. நீ போட்ட படம் அங்கே உள்ள சோலாரர் பெர்க் ஏற்றம். ஆனால் மொத்தக் கெடு 15 மணி நேரம். நீயே உன் கணக்கைப் பதினாறு என்று எழுதியிருக்கிறாய். 15-இல் 16 எப்படிப் போகும் என்று உனக்கு நான் இரண்டாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். இடம் கிடைப்பதும் லேசில்லை. பதிவு திறந்த வேகத்தில் மூடிவிடும். அங்கே வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், முந்துவது இடப்பக்கமாக. ஆறு மணி நேரம் மிதித்துக் களைத்தவனுடைய கை, சொந்த ஊர்ப் பழக்கத்துக்குத்தான் திரும்பும். ஆசை விடவில்லை என்றால் அங்கே மூன்று பேர் சேர்ந்து செய்யும் ரிலே உண்டு. சைக்கிள் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த ஏற்றத்தில் கைதட்டு வாங்கிவிட்டு வா.

பஸல்டன் தட்டையான பாதை. கடலுக்குள் 1.8 கிலோமீட்டர் நீளும் மரப்பாலத்தைச் சுற்றி நீந்த வேண்டும், அதற்காகவே போகலாம். நம்மைப் போல இடப்பக்கப் போக்குவரத்து. நேர வித்தியாசம் இரண்டரை மணிதான். காற்று உண்டு, தண்ணீர் நமக்குக் குளிர்ச்சிதான். ஒன்று ஞாபகம் வை, ஆஸ்திரேலியாவில் சைக்கிள் டயரில் மண் ஒட்டியிருந்தால்கூட விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். புளிசாதம் கொண்டுபோகும் யோசனையும் வேண்டாம்.

லங்காவியில் கடல் வெதுவெதுப்பு. வெட்சூட் தேவையும் இல்லை, அதற்கு அனுமதியும் இல்லை. ஒரு செலவு மிச்சம், ஒரு பயம் மிச்சம். சென்னையிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய நாலு மணி நேரம், அங்கிருந்து இன்னொரு குட்டி விமானம். 2023 டிசம்பரில் தொடங்கிய விசா விலக்கு அப்போதும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். லேசான போட்டி என்று சொல்லவரவில்லை. சைக்கிள் பாதையில் ஏற்ற இறக்கம் ஏராளம், புழுக்கம் ஆளைக் கொல்லும். ஆனால் அந்தப் புழுக்கத்தை நம் ஆட்கள் பணம் கொடுத்துப் பழக வேண்டியதில்லை. குளிர்நாட்டுக்காரன் இரண்டு வாரம் முன்னால் வந்து பழகுவதை நீ பிறந்ததிலிருந்து பழகியிருக்கிறாய். (ஓசூர்க்காரன் கொஞ்சம் கீழே இறங்கி வந்து பழகு.)

"சார், வெயிலில் ஓடுவதற்கு இங்கேயே ஓடலாமே, புது அனுபவம் வேண்டாமா" என்று கேட்பாய். நியாயம்தான். குளிரில் ஓட்டம் நன்றாக வரும் என்பதும் உண்மை. ஆனால் ஓட்டம் மூன்றாவது பாடம். முதல் பாடத்திலேயே வெளியே அனுப்பிவிட்டால் மூன்றாவதில் கெட்டிக்காரனாக இருந்து என்ன புண்ணியம்? குளிர்நாட்டைப் பார்க்க வேண்டுமானால் பெண்டாட்டி பிள்ளையோடு சுற்றுலாவாகப் போ. அவர்களும் ஏரியைப் பார்ப்பார்கள், உன்னைத் தேடிக்கொண்டு கரையில் நிற்க மாட்டார்கள். பிறகு இரண்டாவது, மூன்றாவது போட்டிக்கு, வெட்சூட்டோடு இருபது தடவையாவது குளிர்ந்த நீரில் இறங்கிப் பார்த்துவிட்டு ரோத்துக்குப் போ. நானே ஓட்டுப் போடுகிறேன்.

அதற்கெல்லாம் முன்னால் கோவாவில் பாதித் தூரப் போட்டி ஒன்று இருக்கிறது, 2019-இல் தொடங்கியது. 1.9, 90, 21.1 கிலோமீட்டர். ரயிலில் போய்வரலாம். அதை முடித்துவிட்டு வெளிநாட்டுப் பேச்சை எடு.

என் மருமகன் அதைத்தான் செய்தான். கோவா, பிறகு 2024 நவம்பரில் லங்காவி. இந்தத் தடவை என்னிடம் கேட்கவில்லை. டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் சொன்னான். இரவு ஒன்பதரைக்கு வீட்டு நம்பரில் கூப்பிட்டான், பேச்சே வரவில்லை, பின்னால் ஒரே சத்தம். பதினாலரை மணி நேரம். மறுநாள் நிதானமாகப் பேசினான். சைக்கிள் ஏற்றத்தில் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளிவிடலாமா என்று தோன்றியதாம். நீச்சல் எப்படிடா என்று கேட்டேன். "குறுக்குத்துறை மாதிரிதான் மாமா, கொஞ்சம் உப்பு" என்றான்.

ஆகவே ஓசூர்க்காரனே, லங்காவிக்கு மூன்றாவது ஓட்டு என்னுடையது. மீதி இரண்டு ஓட்டு யாருடையது என்று தெரியும், அதில் ஒன்று தென்னைமரத்துக்காகப் போட்டதாம். சைக்கிள் பெட்டி புதிதாக வாங்காதே. மருமகன் வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கிறது. நான் சொன்னேன் என்று சொல்லி வாங்கிக்கொள். பூட்டின் சாவி மட்டும் கொஞ்சம் தகராறு.