தேசிங்கு என்று பெயர் இருந்தால் புந்தேலர் ஆகிவிடுவோமா?

2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தம், 2002, 2005-ஆம் ஆண்டுப் பட்டியல்களில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி பெயர்களைத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் தேடும்படி செய்தது. அந்தத் தேடல் அதோடு நிற்காமல் மூலப்பத்திரம், பழைய சிட்டா என்று நீண்டால் நல்லதுதான். ஆனால் முப்பாட்டன் வரிசையில் ஒரு ராஜேந்திரனோ ராஜராஜனோ கண்ணில் பட்டவுடனே “நாங்கள் ஆண்ட பரம்பரை” என்று குலவரலாறு எழுதக் கிளம்புவதைச் சகித்துக்கொள்ள முடியவில்லை. ராஜராஜனின் சதயவிழா சுவரொட்டிகளில் அந்த ஒரே சோழனுக்குப் பல சாதிகள் உரிமை கொண்டாடும் காலத்தில், இதை வெறும் குடும்பப் பெருமை என்று விட்டுவிடவும் முடியாது.

ஒலக்கூர், திண்டிவனம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். மேற்கே செஞ்சிக் கோட்டை. அதைச் சில மாதங்களே ஆண்டு, ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு பொருதி 1714-இல் இறந்தவன் தேஜ் சிங். புந்தேல்கண்டிலிருந்து வந்த ராஜபுத்திரன். கதைப்பாடலும் கூத்தும் அவனைத் தேசிங்கு ராஜனாக்கின, 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்து சினிமாவும் வந்தது. இந்த வட்டாரத்தில் எத்தனையோ பேருக்குத் தேசிங்கு என்று பெயர். அவர்களில் ஒருவரும் தன் பாட்டன் புந்தேல்கண்டிலிருந்து குதிரையேறி வந்தவன் என்று சொல்வதில்லை. கதையைக் கேட்டார்கள், மனம் உருகிப் பிள்ளைக்கு வைத்தார்கள். பாரதக் கூத்து பார்த்த ஊர்களில் தருமன், அர்ச்சுனன், திரௌபதி என்று வைத்ததும் அப்படித்தான். அர்ச்சுனன் என்ற பெயரால் யாரும் பாண்டவர் வாரிசு ஆகவில்லையே, ராஜேந்திரன் மட்டும் எப்படிச் சோழர் வாரிசு ஆவார்?

சோழர் காலத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லனுக்கு ராஜராஜப் பெருந்தச்சன் என்று பட்டம். அதே கோயில் கல்வெட்டில் நாவிதர் ஒருவர் ராஜராஜப் பெருநாவிசன் என்று வருகிறார். உளி பிடித்தவருக்கும் கத்தி பிடித்தவருக்கும் அரசன் பெயர் ஒட்டியிருக்கிறது. அதிகாரிகளோ ராஜராஜ மூவேந்தவேளான் என்பதுபோல அரசன் பெயரைப் பட்டமாகத் தாங்கினார்கள். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் தொரு மட்சுயியும் 1978-இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்த் தொகுதியைப் புரட்டுகிறவர் எவரும் இந்த வழக்கம் எவ்வளவு பரவலானது என்பதைக் காண்பார். அரசன் பெயர் பணியைக் காட்டியது, தகுதியைக் காட்டியது, அரசனிடம் இருந்த நெருக்கத்தைக் காட்டியது. ரத்த உறவைக் காட்டவில்லை.

வாய்மொழி வரலாற்றுக்கு மதிப்பே இல்லையா என்று கேட்பார்கள். மதிப்பு உண்டு; தேர்தலுக்குத் தேர்தல் புதிதாகச் சேர்க்கப்படும் பகுதிக்கு மட்டும் இல்லை. பெயரில் தெரியும் கௌரவத்தை ஏன் பறிக்கிறீர்கள் என்பது இன்னொரு கேள்வி. பறிப்பவர்கள் பரம்பரை எழுதுகிறவர்கள்தான். தலைமுறை தலைமுறையாகக் குப்பன் என்றும் மண்ணாங்கட்டி என்றும் அழைக்கப்பட்ட குடும்பத்தில், கூலிவேலை செய்த ஒரு தகப்பன் தன் மகனுக்கு ராஜா என்று பெயர் வைத்தது துணிச்சலான காரியம். பண்ணையார் வீட்டு வாசலில் நின்றுகூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிட்டாக வேண்டும். மகள் ராணியானதும் அப்படியே. அந்தத் தகப்பனின் துணிவை அழித்துவிட்டு, அங்கே இல்லாத ஒரு சிம்மாசனத்தைக் கொண்டுவந்து வைப்பது முன்னோருக்குச் செய்யும் துரோகம்.

மன்னர்களுக்கு அரசு விழா எடுக்கட்டும், சிலை வைக்கட்டும். ஆனால் பெயர் ஒற்றுமையை மட்டும் சான்றாகக் காட்டும் சாதி வரலாற்று நூல் ஒன்றைக்கூடப் பொது நூலகத் துறை வாங்கக் கூடாது. ஏற்கெனவே வாங்கியவற்றை வரலாற்று அடுக்கிலிருந்து எடுத்துக் கதை அடுக்கில் வைக்க வேண்டும்.