கரை காக்கும் பணி

"வனத்துறையில் பணிபுரிய விரும்புகிறேன்" என்று ஷாதிபூர் மாணவன் ஒருவன் வகுப்பில் கூறினான். "காட்டில் அலைவதற்கா கடல் கடந்து வந்தோம்?" என்று அவன் வீட்டில் கேட்டார்களாம். அக்கேள்விக்கு என் விடை இது.

ஓங்கே பழங்குடியினரின் தாயகமான சிறிய அந்தமானின் கரைகளுக்கு, மழை ஓய்ந்த மாதங்களில் ஏழுவரி ஆமைகள் முட்டையிட வருகின்றன. கடலாமைகளுள் மிகப் பெரியவை இவையே. அப்பருவத்தில் ஆய்வாளர்களும் கரேன் இனத்தவரும் அங்கு முகாமிட்டுத் தங்குகின்றனர். இரவில் கரையில் நடந்து ஆமைகளை அளக்கின்றனர். கூடுகளைக் கணக்கிட்டு எழுதுகின்றனர். செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஆமைகளுள் சில ஆஸ்திரேலியாவை நோக்கியும், சில ஆப்பிரிக்காவை நோக்கியும் சென்றமை இத்தகைய உழைப்பாலேயே தெரியவந்தது. அளவையும் கணக்கும் எழுத்தும் வேண்டும் இப்பணியை அலைச்சல் என்று இகழ்தல் தகுமா?

"பருவம் முடிந்தபின் ஊதியத்திற்கு என்ன வழி?" என்று பெற்றோர் அஞ்சுவது நியாயமே. பருவகாலப் பணியாளர்க்கும் ஆண்டு முழுவதும் ஊதியம் கிடைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கரேன் மக்களின் முன்னோர் 1925இல் பர்மாவிலிருந்து இத்தீவுகளுக்கு வந்தனர். நம்மைப் போலவே அவர்களும் கடல் கடந்து வந்தவர்கள். ஆயினும், இத்தீவுகளின் காட்டையும் கரையையும் அவர்கள் நன்கு அறிவர். வந்த ஊரை நேசிப்பதால் பிறந்த ஊரின் மீதுள்ள அன்பு குறையாது. தமிழகத்தை விட்டு வந்த நானும் இதனை இங்குதான் கற்றேன்.

மாணவர்களே, வீட்டில் மீண்டும் அவ்வாறு கேட்டால், அந்தக் கரையைப் பற்றிக் கூறுங்கள்.