சாவி யார் இடுப்பில்?

குடியிருப்பது வேறு, உடைமை வேறு என்பதை வால்பாறைத் தோழர்களுக்கு எவரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பதாண்டு கொழுந்து பறித்தவரும் பணி ஓய்ந்தால் லைன் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். மாட்டிய காலண்டர் அவருடையது. ஆணியடித்த சுவர் கம்பெனியுடையது!

நம் படைத்துறை அலுவலகங்களும் நெடுங்காலம் அப்படியொரு லைன் வீட்டில்தான் குடியிருந்தன என்றால் நம்புவீர்களா? கணிப்பொறிப் பெட்டி நம்முடையது. அதை இயக்கும் விண்டோஸ் மைக்ரோசாப்ட் கம்பெனியுடையது. உள்ளே எழுதப்பட்டிருக்கும் நிரலைத் திருத்தும் உரிமை நமக்கில்லை. பழுதென்றால் அவர்களே வர வேண்டும், வரமாட்டோம் என்றால்?

விண்டோஸ் எக்ஸ்பிக்கு இனிப் பழுதுபார்ப்பில்லை என்று 2014-இல் கம்பெனி கைவிரித்தது. மறு ஆண்டு, அமெரிக்கக் கடற்படையே ஏறத்தாழ 91 லட்சம் டாலர் கொடுத்து அந்தப் பணியை நீட்டித்துக்கொண்டது. அந்நாட்டுப் படைக்கே அந்நிலை! 2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடையைக் காரணங்காட்டி, குஜராத்தில் எண்ணெய் ஆலை நடத்தும் நயாரா நிறுவனத்துக்கு மைக்ரோசாப்ட் தன் சேவையை நிறுத்தியது. நிறுவனம் டில்லி உயர்நீதிமன்றத்தை நாடிய பிறகே கதவு திறந்தது. போர்முனையில் நிற்பவன் எந்த நீதிமன்றத்துக்குப் போவான்?

ஆகவே, இணையத்தோடு இணைந்த கணிப்பொறிகளில் விண்டோசை அகற்றி 'மாயா'வை நிறுவப் பாதுகாப்பு அமைச்சகம் முனைந்ததாக 2023 ஆகஸ்டில் வந்த செய்தியை வரவேற்கிறோம். மாயா, உபுண்டு என்னும் திறந்த நிரலின் மேல் எழுப்பப்பட்டது. இரவல்தானே என்று ஏளனம் செய்வோர் உண்டு. எவரும் படிக்கலாம், திருத்தலாம் என்று உலகுக்குப் பொதுவாக வைத்ததை எடுத்தாள்வது இரவலாகாது. பிரான்சின் ஜாந்தார்மெரிப் படை 2008 முதலே அவ்வழியில் நடக்கிறது.

எல்லோரும் படிக்கும் நிரலைப் பகைவனும் படிப்பானே என்பார்கள். படிக்கட்டும்! பூட்டிவைத்த விண்டோசிலிருந்த ஓட்டையை அமெரிக்க உளவுத்துறை அறிந்து மறைத்து வைத்திருந்தது. அது கசிந்துதான் 2017-இல் வான்னாக்ரை வந்து பிரிட்டனின் மருத்துவமனைகளைத் திணறடித்தது. ஆனால், திறந்திருப்பதாலேயே காவல் வந்துவிடாது என்பதையும் மறைக்க மாட்டோம். ஓப்பன் எஸ்எஸ்எல் நிரல் உலகறியத் திறந்துதான் கிடந்தது. அதிலிருந்த 'ஹார்ட்பிளீட்' ஓட்டையோ ஈராண்டு கழித்து 2014-இல்தான் வெளிப்பட்டது. படிக்கும் உரிமை இருந்து பயனென்ன, படிக்க ஆளில்லையென்றால்?

இங்கேதான் நம் ஐயம் எழுகிறது. டெபியன் நிரலைக் கொண்டு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' 2007-இலேயே சென்னையில் வெளியிடப்பட்டது. தமிழக மாணவர்களின் விலையில்லா மடிக்கணினியிலும் விண்டோசுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் கிடைத்தது. இடம் கொடுத்தால் போதுமா? கற்றுத்தர ஆசிரியர், திருத்த வல்லுநர், தொடர்ந்து ஊதியம், இவையன்றோ அதை வாழவைப்பவை! சொந்தமாகத் தொடங்கி, பராமரிக்காமல் விட்டு, மீண்டும் வாடகைக்கே போகும் வழக்கம் டில்லிக்குப் புதிதன்று.

மாயாவின் நிரலை நாள்தோறும் படித்துத் திருத்த நிரந்தரப் பணியில் எத்தனை பொறியாளர்கள்? அதற்கென ஆண்டுதோறும் ஒதுக்கும் தொகை எவ்வளவு? நம் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் இவ்விரண்டையும் கேட்கட்டும்.