ஆறு அங்குலம் மக்கியதற்கு ஏழடிக் கதவைத் தூக்கிப் போடுவதா?

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய மரக்கதவு இருப்பவர்களாவது முழுசாகப் படித்துவிடுங்கள்.

போன தை மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டின் நான்கு அறைக்கதவுகளையும் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த அம்மா சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் கூப்பிட்டார். வந்த கான்ட்ராக்டர் கதவுகளைக் கையால் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எல்லாம் போச்சும்மா. இந்தக் காலத்துல யாரு ரிப்பேர் பண்றா? மாத்திடுங்க" என்றார். நான்கு கதவுக்கும் சேர்த்து 46,000 ரூபாய். கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போனது. "பழசு குப்பைதானே, நாங்களே எடுத்துட்டுப் போயிடறோம்" என்று உபகாரம் வேறு.

அடுத்த மாதம் பழைய மரக்கடையில் அதில் ஒரு கதவைப் பார்த்தேன். அந்தப் பெண் சின்ன வயதில் ஒட்டிய ஸ்டிக்கரின் தடம் அப்படியே இருந்தது. அடியில் மட்டும் வெட்டி ஒட்டுப் போட்டு விற்பனைக்கு வைத்திருந்தார்கள். தேக்கு! நமக்குக் குப்பை என்று சொன்னது அவர்களுக்குச் சரக்கு.

அன்றைக்கு நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன். இப்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கதவுகள் உப்பும், இறுகும். "மாத்திடுங்க" என்று சொல்ல ஆள் வருவார்கள்.

எங்கள் வீட்டுக் கதவுகளும் அதே வயதுதான், அதே நிலைமைதான். மூன்று தேக்குக் கதவு, குளியலறைக்கு ஒரு பிளஷ் டோர். மாசி மாதம் ஒரு தச்சரைக் கூப்பிட்டேன். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்த பிள்ளை. இழைப்புளியைப் பையிலிருந்து எடுக்கும்போதே, "இத எடுத்து ரொம்ப நாளாச்சு டீச்சர். இப்பல்லாம் ரெடிமேட் கதவ மாட்டறதுக்குத்தான் கூப்பிடறாங்க" என்றான். நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கீலைப் பாருங்கள். கதவு தரையில் உரசினால் பாதி நேரம் குற்றம் மரத்தில் இல்லை, மேல் கீலின் திருகாணி தளர்ந்திருக்கும். அந்த ஓட்டையில் பசை தடவிய மூங்கில் குச்சியை அடித்து, காய்ந்த பின் மட்டமாக வெட்டி, கொஞ்சம் நீளமான திருகாணி போட்டால் கதவு தூக்கிக்கொள்ளும். செலவு பத்து ரூபாய்கூட இல்லை.

இரண்டாவது, மழைக்காலத்தில் இறுகும் கதவை மழைக்காலத்திலேயே இழைக்காதீர்கள். மரம் ஈரத்தைக் குடித்தால் அகலத்தில்தான் உப்பும், நீளத்தில் அவ்வளவாக நீளாது. இப்போது இழைத்தால் சித்திரையில் சந்து விழும். தை, மாசி வரை பொறுத்து, அப்போதும் உரசுகிற இடத்தை மட்டும் இழைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, அடிப்பக்கம். வீடு கழுவுகிற தண்ணீர் கீழ்ச் சட்டத்தில் ஏறி மக்க வைக்கும். ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். எங்கே பொதுக்கென்று இறங்குகிறதோ அதுவரைதான் கெட்டது. எங்கள் இரண்டு கதவுகளில் அது ஆறு அங்குலத்தைத் தாண்டவில்லை. அதை வெட்டி எடுத்து, அதே கனத்தில் பழைய தேக்குத் துண்டை நீர் தாங்கும் பசையும் முளையும் போட்டுச் சேர்த்தான். சிறு பள்ளங்களுக்கு மரத்தூளும் பசையும் குழைத்துப் பூசினோம்.

பிளஷ் டோரில் அடி பிளைவுட் உரிந்திருந்தது. நன்றாகக் காயவிட்டு, உள்ளே பசை விட்டு, பலகை வைத்து ஒரு ராத்திரி பாரம் ஏற்றினோம். குளியலறைப் பக்கம் அடியில் எட்டு அங்குலத்துக்கு அலுமினியத் தகடு. முகம் முழுக்க உரிந்திருந்தால் சன்மைக்கா ஒட்டலாம். எட்டுக்கு நான்கு அடி ஷீட் ஒன்று, ஏழுக்கு மூன்று கதவின் ஒரு பக்கத்துக்குப் போதும்.

நான்காவது, பழைய பெயிண்ட். இதில் விளையாடாதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூள் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். அதனால் காய்ந்தபடி தேய்க்காமல், தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்தோம். முகக்கவசம் போட்டுக்கொண்டோம். பேரப் பிள்ளைகள் இல்லாத வாரமாகப் பார்த்துச் செய்தோம். தரையை ஈரத்துணியால் துடைத்தோம்.

கடைசியாக ஒரு கை பிரைமர், இரண்டு கை எனாமல். பெயிண்ட் வேலை நானும் வீட்டுக்காரரும்தான். கதவின் தலைப்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் மறக்காமல் அடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று எல்லோரும் விட்டுவிடுவது அதைத்தான். ஈரம் ஏறுவதும் அது வழியாகத்தான்.

இப்போது கணக்கு. தச்சர் கூலி இரண்டு நாளைக்கு 2,400. தேக்குத் துண்டு 1,100. பசை, திருகாணி 650. தகடு 300. வாட்டர் பேப்பர் 240. பிரைமர், எனாமல் 1,450. பிரஷ், முகக்கவசம் 260. மொத்தம் 6,400 ரூபாய். 46,000-இல் கழித்துப் பாருங்கள், 39,600. அந்த அம்மாவின் சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும்.

"பிளாஸ்டிக் கதவு தண்ணிக்குக் கெடாதே டீச்சர்" என்பீர்கள். உண்மைதான். குளியலறைக்கு அது பொருத்தம், மறுக்கவில்லை. ஆனால் படுக்கையறையில் எங்கே தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? உள்ளே கூடாக இருக்கும் அந்தக் கதவில் திருகாணி பிய்ந்துகொண்டு வந்தால் எந்தத் தச்சரும் ஒட்டுப் போட முடியாது. மறுபடியும் மாற்றத்தான் வேண்டும்.

எல்லாக் கதவையும் காப்பாற்றலாம் என்றும் நான் சொல்லவில்லை. மரத்தூள் பலகையில் செய்த கதவு ஊறி உப்பிவிட்டால் அவ்வளவுதான். கீல் மாட்டும் சட்டம் முழுக்கக் கரையான் அரித்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். குத்திப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்பதுதான் என் வாதம். பார்க்காமலே "போச்சு" என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். தேர்வுத்தாளைத் திருத்தாமலே பெயில் போடுகிற வாத்தியாரை ஒப்புக்கொள்வீர்களா?

எனக்குக் கோபம் கான்ட்ராக்டர் மேல் மட்டும் இல்லை. நம் மேலும்தான். ஒட்டுப் போட்ட கதவைப் பார்த்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற பயம்தான் அந்த அம்மாவை அடகுக் கடைக்கு அனுப்பியது. பழுது பார்ப்பது தரித்திரம், புதுசு வாங்குவது கௌரவம் என்று எப்போது முடிவு செய்தோம்? கிழிந்த புத்தகத்துக்கு அட்டை போட்டு அடுத்த வருஷப் பிள்ளைக்குக் கொடுத்த தலைமுறை நாம்.

உங்கள் ஊரிலும் இழைப்புளியைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு தச்சர் இருப்பார். முதலில் அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய கதவைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். விலை பேசுங்கள்.

தெரிந்தவர்களுக்குப் பகிருங்கள். குறிப்பாக, வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு.