காலகேயருக்குக் கரி பூசியது யார்?

"கற்பனைக் கதைதானே, அதில் போய் நிறமும் இனமும் தேடுவானேன்?" டிராகனோ பூதமோ விண்கலமோ வரும் எந்தக் கதையைப் பற்றியும் யாராவது கேள்வி எழுப்பினால் உடனே வந்து விழும் பதில் இது. படம் எடுப்பவர்கள் சொல்கிறார்கள், படித்தவர்கள் சொல்கிறார்கள், பிள்ளைகளுக்குக் கதைப்புத்தகம் வாங்கித்தரும் பெற்றோரும் சொல்கிறார்கள். இல்லாத நாடு, பிறக்காத மக்கள். அங்கே யார் நல்லவன், யார் கெட்டவன் என்பதில் நமக்கென்ன வழக்கு என்பது இதன் உட்பொருள். இந்த நம்பிக்கை தவறு. அதுவும் தலைகீழான தவறு.

நடந்ததை எழுதுகிறவருக்கு ஒரு சாக்கு உண்டு. அன்று அப்படித்தான் இருந்தது, நான் கண்டதை எழுதினேன் என்று அவர் சொல்லிவிடலாம். மாய உலகத்தைப் படைப்பவருக்கு அந்தச் சாக்கு கிடையாது. அங்கே எத்தனை நிலவு எழும் என்பதிலிருந்து மக்கள் என்ன உண்பார்கள் என்பதுவரை எல்லாம் அவர் முடிவு. எதிரிப் படைக்குப் பச்சைத் தோல் கொடுக்கலாம், பாம்புச் செதில் கொடுக்கலாம், நாயகனின் தோலையே கொடுக்கலாம். இத்தனை வாய்ப்பையும் கையில் வைத்துக்கொண்டு, கெட்டவர்களைக் காட்டக் கறுப்புத் தோலையே ஒருவர் எடுத்தால் அது அவர் செய்த தேர்வு. யோசிக்காமல் பழக்கத்தில் செய்தேன் என்றால், அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விடமுடியாது. தற்செயலுக்கு இடமே இல்லாத கலையில் பொறுப்பு கூடுமே தவிரக் குறையாது.

2015-ல் வந்த 'பாகுபலி'யை எடுத்துக்கொள்வோம். படத்தில் வரும் மகிழ்மதி நாடு முழுக்கக் கற்பனை. அதன் கோட்டை, அருவி, சிலை, போர்க்கருவி எல்லாம் வரைந்து வரைந்து உருவாக்கியவை. அந்த நாட்டின் மீது படையெடுத்து வருகிறவர்கள் காலகேயர். பெயர் மகாபாரதத்திலிருந்து எடுத்தது. அங்கே அவர்கள் அர்ஜுனன் கையால் அழியும் அசுரர். திரையில் அவர்கள் உடல் முழுக்கக் கரிய பூச்சு, பிதுங்கும் கண்கள், நாக்கைச் சொடுக்கும் பேச்சு. அந்தப் பேச்சுக்காக மதன் கார்க்கி 'கிளிக்கி' என்று ஒரு மொழியையே உருவாக்கினார். சொற்களும் இலக்கணமுமாக அதில் கொட்டப்பட்ட உழைப்பு பெரிது, அதை மதிக்கிறேன். ஆனால் ஒரு மொழியே கொடுக்கப்பட்ட அந்த மக்களுக்கு ஊர் உண்டா, குழந்தை உண்டா, கிழவி உண்டா, பசி உண்டா என்று காட்ட ஒரு காட்சி ஒதுக்கப்படவில்லை. பார்வையாளர் அவர்களைப் பார்த்ததும் வெறுக்க வேண்டும், மகிழ்மதிப் படை அவர்களை வெட்டிச் சாய்க்கையில் கைதட்ட வேண்டும். அதற்குக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை. தோலும் பல்லும் போதுமானதாக இருந்தன.

ஏன் போதுமானதாக இருந்தன? திரையரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் மாநிறமோ கறுப்போதான். தங்கள் நிறத்தைவிட நாலு மடங்கு அடர்த்தியாகப் பூசப்பட்ட ஒருவனைக் கண்டதும் 'இவன் காட்டுமிராண்டி' என்று அவர்களுக்கும் புரிகிறது. அந்தப் புரிதலை இயக்குநர் உருவாக்கவில்லை. அம்புலிமாமாவின் ராட்சதர்கள், புராணப் படங்களின் அசுரர்கள், மணமகள் தேவை விளம்பரங்கள், முகப்பூச்சு விளம்பரங்கள் எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே பதித்துவைத்த புரிதல் அது. கற்பனை உலகம் வெறுமையிலிருந்து எழுவதில்லை. பார்ப்பவர் மனதில் இருப்பதைச் செலவழித்துத்தான் அது நிற்கிறது, செலவழித்ததைப் பெருக்கித் திருப்பியும் கொடுக்கிறது. அதே படத்தின் தமிழ் வசனத்தில் ஒரு ஒடுக்கப்பட்ட சாதியை இழிவுபடுத்தும் சொல் இருப்பதாக அப்போது கடும் எதிர்ப்பு கிளம்பியதையும் மறந்துவிடக் கூடாது. எங்குமில்லாத நாட்டுக்குள் நம்மூர்ச் சாதி வசவு எந்த வழியாக நுழைந்தது?

இது சினிமாவோடு வந்த நோயல்ல. ராணி காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு முகமூடி வீரர் மாயாவியைத் தெரியாமல் இருக்காது. அமெரிக்கரான லீ ஃபாக் 1936-ல் படைத்த ஃபேன்டம்தான் அவர். கதை இது: நானூறு ஆண்டுகளுக்கு முன் கடற்கொள்ளையர் தாக்குதலில் தந்தையைப் பறிகொடுத்த வெள்ளைக்காரர் ஒருவர் கரையொதுங்குகிறார். காட்டில் வாழும் குள்ள மனிதர்கள் அவரைக் காப்பாற்றுகிறார்கள். மண்டையோட்டின் மீது அவர் சத்தியம் செய்கிறார். அன்று முதல் தந்தை, மகன், பேரன் என்று முகமூடி கைமாறிக்கொண்டே வருகிறது. காட்டின் மற்ற மக்களோ அவர் ஒருவரே, அவருக்குச் சாவே இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கறுத்த மக்களுக்குக் காவல், நீதிபதி, ஏறத்தாழ தெய்வம் எல்லாமே ஒரு வெள்ளைக்காரர். நானூறு ஆண்டுகளாக உண்மை தெரியாமல் ஏமாந்திருப்பதே அந்த மக்களுக்குக் கதை ஒதுக்கிய வேலை. இதைப் படித்த தமிழ்ப் பிள்ளைகள் யார் பக்கம் நின்றார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. மூலக் கதையில் அந்தக் கடற்கொள்ளையரின் பெயர் 'சிங்'. தந்தையைக் கொன்றவன் பெயர் 'ராமா'. நாட்டின் பெயர் 'பங்கல்லா'. டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964-ல் பம்பாயில் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியது. இந்தியப் பதிப்பில் சிங் 'சிங்கா' ஆனது, ராமா 'ராமலு' ஆனான், பங்கல்லா 'டெங்காலி' ஆனது. அந்தப் பதிப்பின் ஆசிரியர் மேசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது வெறும் கற்பனை இல்லை என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. கொள்ளையனுக்கு நம் பெயர் இருந்தால் நமக்கு உறுத்தும் என்று கண்டுகொண்டார்கள். பெயரை மாற்றினார்கள், கதையின் எலும்புக்கூட்டை மாற்றவில்லை. நம் பெயர் நீங்கியதும் நமக்கு உறுத்தலும் நீங்கியது. ஆப்பிரிக்கப் பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று நாம் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அரசாங்கங்களும் 'கற்பனைதானே' என்று இருந்ததில்லை. 'இண்டியானா ஜோன்ஸ்' வரிசையின் இரண்டாம் படத்தில் இந்தியர்கள் நரபலி கொடுப்பவர்களாகவும் குரங்கு மூளை தின்பவர்களாகவும் வருகிறார்கள். கதையைப் பார்த்து இங்கே படப்பிடிப்புக்கு அனுமதி மறுக்கப்பட்டது. இலங்கையில் கண்டிப் பக்கம் எடுத்து 1984-ல் வெளியிட்டார்கள். அதற்கும் முன்னால் நம் வீட்டிலேயே நடந்தது இருக்கிறது. புலவர் குழந்தை இராவணனைத் தலைவனாக்கி 'இராவண காவியம்' எழுதினார். 1946-ல் வெளியான அந்த நூலை 1948-ல் சென்னை அரசு தடை செய்தது. தடை நீங்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பத்துத் தலை அரக்கன் வெறும் கற்பனை என்றால், அவனை நல்லவனாக்கிய ஒரு செய்யுள் நூலைக் கண்டு அரசு ஏன் அஞ்ச வேண்டும்? அரக்கன் என்ற பெயரில் யார் சுட்டப்படுகிறார் என்ற வழக்கை அரை நூற்றாண்டுக் காலம் மேடையிலும் ஏட்டிலும் நடத்திய சமூகம் இது. அந்தச் சமூகத்துப் பிள்ளைகள் இன்று 'கற்பனையில் இனம் தேடாதே' என்று பேசுவதைக் கேட்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

வெள்ளைக்காரர் செய்யும் பிழை மட்டுமல்ல இது என்பதற்கு 2010-ல் வந்த 'தி லாஸ்ட் ஏர்பெண்டர்' சாட்சி. மூலமான தொலைக்காட்சித் தொடரின் உலகம் ஆசியப் பண்பாடுகளையும் வடதுருவப் பழங்குடிகளின் வாழ்க்கையையும் கொண்டு கட்டப்பட்டது. திரைப்படத்தில் மூன்று நாயகப் பாத்திரங்களுக்கும் வெள்ளை இளைஞர்கள் தேர்வானார்கள். உலகை எரிக்க வரும் நெருப்பு நாட்டினராக தேவ் படேலும் ஆசிஃப் மாண்ட்வியும் வந்தார்கள். இயக்கியவர் மாஹேயில் பிறந்த மனோஜ் நைட் ஷியாமளன். பல இனத்தவரும் இருக்கும் படம் என்று அவர் வாதாடினார். பல இனத்தவரும் இருந்தார்கள்தான். யாரை எங்கே நிறுத்தினார் என்பதே கேள்வி.

இந்த நம்பிக்கையின் நேர்மையின்மை வெளிப்படும் இடம் ஒன்று உண்டு. கெட்டவர்கள் கறுப்பாக இருக்கும்வரை 'இது கற்பனை, விடுங்கள்' என்பவர்கள், நல்லவர்களில் ஒருவர் கறுப்பானதும் திடீரென வரலாற்றாசிரியர்கள் ஆகிவிடுகிறார்கள். 2022-ல் 'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' தொடரில் போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த இஸ்மாயில் குரூஸ் கோர்டோவா ஓர் எல்ஃப் வீரனாக நடித்தார். காது கூர்மையான, சாகாத, மரங்களோடு உறவாடும் ஓர் இனத்தில் ஒருவன் மாநிறமாக இருப்பது மட்டும் நம்பும்படியாக இல்லை என்று பெருங்கூச்சல் எழுந்தது. அதைவிடக் கொடிய சான்று 'தி ஹங்கர் கேம்ஸ்'. 2008-ல் வந்த நாவலிலேயே ரூ என்ற சிறுமி அடர்ந்த பழுப்புத் தோல் உள்ளவள் என்று எழுதியிருக்கிறது. 2012-ல் படம் வந்து, அந்தப் பாத்திரத்தில் அமாண்ட்லா ஸ்டென்பர்க்கைக் கண்டதும் வாசகர்கள் பலர் கொதித்தார்கள். அவள் சாவு இப்போது அவ்வளவு துயரமாக இல்லை என்றுகூடச் சிலர் எழுதினார்கள். அச்சில் கண்ணெதிரே இருந்த நிறத்தை அழித்துவிட்டு, தாங்கள் நேசிக்கத்தக்க நிறத்தை அவர்கள் மனம் அங்கே நிரப்பிக்கொண்டிருந்தது. எழுத்தாளர் சரியாக எழுதியும் வாசிப்பு அவரைத் தோற்கடிக்கிறது என்றால், முந்தைய கதைகள் அந்த மனங்களை எவ்வளவு ஆழமாக உழுதிருக்க வேண்டும்!

'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' தொடருக்கு மூலமான உலகைப் படைத்த எழுத்தாளர் டோல்கீனைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. அவரை இனவெறியர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குகிறவர்களோடு நான் சேரமாட்டேன். 1938-ல் ஒரு ஜெர்மன் பதிப்பகம் அவர் ஆரிய வம்சத்தவரா என்று விசாரித்தபோது, அந்தக் கேள்வியையே இகழ்ந்து பதில் எழுதியவர் அவர். கொல்லப்பட்டுக் கிடக்கும் தெற்கத்திய வீரனைப் பார்த்து, இவன் உண்மையிலேயே கெட்டவனா, எந்தப் பொய் இவனை வீட்டைவிட்டு இவ்வளவு தூரம் இழுத்து வந்ததோ என்று அவர் நாவலில் சாம் என்ற பாத்திரம் நினைக்கும் இடம் அவர் எழுதியவற்றில் மிக உயர்ந்தது. ஆனால் அந்த வீரனுக்குப் பெயர் இல்லை. தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருகிறவர்கள் இருளின் படையிலேயே நிற்கிறார்கள். அந்தப் படையில் வரும் ஒர்க்குகள் என்ற கொடிய இனத்தின் தோற்றத்தை விளக்க 1958-ல் எழுதிய கடிதத்தில் அவர் மங்கோலிய முகச்சாயலைத்தான் இழிந்த வடிவமாக்கித் துணைக்கு அழைத்தார். மீட்பே இல்லாத ஓர் இனம் இருக்க முடியுமா என்ற கேள்வி கத்தோலிக்கரான அவரைக் கடைசிவரை அரித்தது, விடை கிடைக்கவில்லை. நாஜிகளை எதிர்த்த நல்லவர் ஒருவரின் கையிலேயே திசையும் நிறமும் இப்படி வந்து அமர்ந்தன என்பதால்தான் இதைத் தனிமனிதக் கெட்ட எண்ணம் என்று தள்ளிவிட முடியவில்லை.

அப்படியானால் கெட்டவர்கள் எல்லோரும் வெள்ளையாக இருக்க வேண்டுமா என்று கேட்பார்கள். இடத்தை மாற்றிப் போடச் சொல்லவில்லை. எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968-ல் 'எர்த்ஸீ' வரிசையைத் தொடங்கியபோது நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவன் தீவுகளில் பெரும்பாலோர் அவ்வாறே. வெள்ளைத்தோல் கார்குகள் கொள்ளையடிக்க வருகிறவர்கள். அவர் அங்கே நின்றிருந்தால் வெறும் இடமாற்றம்தான். 1971-ல் வந்த இரண்டாம் நூலில் அவர் அந்தக் கார்குகளின் நாட்டுக்குள்ளேயே போனார். அங்கே ஒரு கோயிலுக்கு ஒப்புக்கொடுக்கப்பட்ட தேனார் என்ற சிறுமியின் கண்வழியே முழுக் கதையையும் சொன்னார். முதல் நூலில் படகிலிருந்து குதித்து வெட்டியவர்களுக்கு இரண்டாம் நூலில் தாய் இருக்கிறாள், ஆப்பிள் தோட்டம் இருக்கிறது. கெட்டவனைக் கறுப்பாக்கலாமா, வெள்ளையாக்கலாமா என்று தவிப்பவர்கள் இந்த இரண்டு நூல்களையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும். இப்படிப்பட்ட படைப்பையும் 2004-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி குறுந்தொடராக்கியபோது கெட் வெள்ளைக்கார இளைஞன் ஆனான். லெ குவின் பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். நிறத்தை ஆரம்பத்திலேயே யோசித்துத் தேர்ந்தெடுத்ததாக அவர் சொன்னதையாவது கற்பனையில் நிறமில்லை என்பவர்கள் கேட்க வேண்டும்.

கடைசியாக வருவது சந்தைப் பேச்சு. மக்கள் ஏற்கமாட்டார்கள், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, பார்வையாளர்தான் வெள்ளை முகம் கேட்கிறார் என்பது. இது புதிதல்ல. அறிவியல் புனைகதை எழுத்தாளர் சாமுவேல் டிலேனி தன் 'நோவா' நாவலைத் தொடராக வெளியிட அனலாக் என்ற அறிவியல் புனைகதை இதழுக்கு அனுப்பியபோது, ஆசிரியர் ஜான் கேம்பெல் கதையைப் பாராட்டிவிட்டு, கறுப்பு நாயகனோடு தன் வாசகர்களால் ஒன்ற முடியாது என்று திருப்பிவிட்டார். 1968-ல் நூலாக வந்த 'நோவா' இன்றும் அச்சில் இருக்கிறது. 2018-ல் 'பிளாக் பாந்தர்' திரைப்படம் உலகெங்கும் 130 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அதில் நாயகனும் கறுப்பர், எதிரியும் கறுப்பர். எதிரியான கில்மோங்கருக்குக் கொல்லப்பட்ட தந்தை உண்டு, நியாயமான கோபம் உண்டு. திரையரங்கை விட்டு வெளியே வந்தவர்கள் அவன் சொன்னதில் தவறென்ன என்று விவாதித்தார்கள். கேம்பெல் தன் வாசகர்களைக் கேட்காமலேயே அவர்கள் சார்பில் பதில் சொன்னார். நம் படக்காரர்களும் கரிப் பூச்சைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும், நம்மைக் கேட்காமலேயே நம் சார்பில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.