கரையில் நின்று எண்ணுபவர்

கீரிமலைக் கேணியில் பெடியன்கள் மூச்சடக்கிப் போட்டி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவன் சுழியோடுவான், படிக்கட்டில் நிற்பவன் ஒன்று, இரண்டு என்று எண்ணுவான். தண்ணீருக்குள் கிடப்பவனுக்குக் கணக்குத் தெரியாது. கரையில் நின்றவன் சொன்னால்தான் உண்டு.

நித்திரையில் மூச்சு நிற்கும் வருத்தமும் அப்படித்தான். வீடு அதிரக் குறட்டை விட்டவரின் சத்தம் சட்டென்று அறுந்துபோகும். நெஞ்சு ஏறி இறங்க எத்தனிக்கும், காற்றுப் போகாது. பிறகு ஒரு திணறல், ஒரு துள்ளல், மறுபடி குறட்டை. காலையில் கேட்டால் "நல்ல நித்திரை" என்பார். பொய்யில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சம் பக்கத்தில் படுத்தவருக்குத் தெரியும்.

ஸ்லீப் அப்னியா என்று வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர, நாக்கும் மெல்லண்ணமும் பின்னால் சரிந்து மூச்சு வழியை அடைக்கின்றன. இரத்தத்தில் ஒட்சிசன் குறைய, மூளை திடுக்கிட்டு உடலை உலுப்புகிறது. மூச்சு முற்றாக நின்றாலும் வெகுவாகக் குறைந்தாலும், 10 செக்கன் நீடித்தால் அது ஒரு தடவை. மணிக்கு 5 தடவையில் வருத்தம் தொடங்குகிறது. 30 தொட்டால் கடுமை. மணிக்கு 30 என்றால் ஏழு மணி நேர நித்திரையில் 210 தடவை. ஒரு மனிதனை இரவில் 210 தடவை உலுப்பினால் பிரசர் ஏறாமல் என்ன செய்யும்? மூன்று வகை மாத்திரை எடுத்தும் அடங்காத பிரசர், தாளம் தப்பிய இதயத் துடிப்பு, பாரிசவாதம், நீரிழிவு ஆகியவற்றோடு இதற்குள்ள உறவு வைத்திய உலகம் நன்கு அறிந்தது. 2022 பெப்ரவரியில் மும்பையில் காலமான இசையமைப்பாளர் பப்பி லஹிரியின் மரணத்துக்கு அவருடைய வைத்தியர் சொன்ன காரணமும் இதுவே.

நாமோ குறட்டையைப் பகிடியாக்கி வைத்திருக்கிறோம். சாய்மனைக் கதிரையில் பேப்பரோடு கண்ணயரும் அப்பாவை "வயசு போட்டுது" என்று விட்டுவிடுகிறோம். ஒரு பெண் குறட்டை விடுகிறாள் என்றால் வெளியில் சொல்ல வீட்டாருக்கே கூச்சம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இது கூடுகிறது. காலைத் தலையிடி, தீராத களைப்பு, நடுச்சாம விழிப்பு என்று வேறு வேடத்தில் வருவதால் கவனத்துக்குத் தப்பிவிடுகிறது. மெலிந்தவருக்கு வராது என்ற நம்பிக்கையும் பிழை. தாடை அமைப்பே சிலருக்குப் போதும். கீரிமுகம் கொண்ட நகுல முனிவரும் குதிரை முகத்துச் சோழ இளவரசியும் கீரிமலையில் தீர்த்தமாடிச் சுகமானார்கள் என்பது ஐதீகம். அவர்களின் குறை முகத்தில் இருந்தது, கண்டவர் எல்லாருக்கும் தெரிந்தது. இந்த வருத்தமோ விளக்கணைத்த பிறகுதான் முகம் காட்டுகிறது.

சந்தேகத்தைத் தெளிய உலகெங்கும் பாவிக்கும் எட்டுக் கேள்விகள் உண்டு. உரத்த குறட்டையா, பகலில் களைப்பா, மூச்சு நிற்பதை யாராவது கண்டார்களா, பிரசர் உண்டா, உடல் பருமனா, வயது 50 தாண்டியதா, கழுத்துச் சுற்றளவு 40 சென்ரிமீற்றருக்கு மேலா, ஆணா. மூன்றுக்கு "ஓம்" வந்தால் வைத்தியரிடம் பேசவேண்டும். செலவு ஓர் அளவு நாடாதான். பிரசர் கிளினிக்கில் வரிசையில் காத்திருக்கும் நேரத்திலேயே கேட்டு முடிக்கலாம். சுகாதாரத் துறை இதை வழக்கமாக்க வேண்டும். ஆனால் மூன்றாவது கேள்விக்கு நோயாளியிடம் பதில் இல்லை. கிளினிக்குக்குத் துணையும் கூடப் போகட்டும்.

துணையே இல்லாத வீடுகள் வலிகாமத்தில் எத்தனை! பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும், தாயோ தகப்பனோ தனியே. அங்கே எண்ணுவது யார்? தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்து ஓரிரவு ஒலிப்பதிவு செய்தால் வைத்தியருக்கு ஒரு தடயமாவது கிடைக்கும். "சாப்பிட்டீங்களா" என்று தினமும் கேட்கும் பிள்ளைகள், "இருந்தபடியே நித்திரை தூங்கிறீங்களா" என்றும் கேட்கலாம்.

நோயை உறுதி செய்வது நித்திரைப் பரிசோதனை. ஓரிரவு மூச்சையும் ஒட்சிசனையும் கருவி பதிகிறது. சிலருக்கு வீட்டிலேயே செய்யலாம். எடை குறைப்பதும், பக்கவாட்டில் படுப்பதும், மதுவைத் தவிர்ப்பதும் உதவும். நித்திரைக் குளிசையைத் தானாக வாங்கிப் போடுவது சிலருக்கு ஆபத்து. வருத்தம் கடுமையானவர்களுக்கு முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சு வழியைத் திறந்து வைத்திருக்கும் மெஷின்தான் முதல் மருந்து. 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் அறிமுகப்படுத்திய முறை இது. பலர் நினைப்பதுபோல் அது ஒட்சிசன் சிலிண்டர் இல்லை, வெறும் அறைக்காற்றுத்தான்.

வெளிநாட்டு உறவினர் தாம் பாவித்ததை அன்போடு கொண்டுவந்து கொடுப்பார்கள். அழுத்த அளவு ஆளுக்கு ஆள் வேறு. போதாததற்கு, உள்ளிருக்கும் நுரைப்பஞ்சு உதிரக்கூடும் என்று 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் பல இலட்சம் மெஷின்களைத் திரும்ப அழைத்தது. பழையது ஏதும் வந்தால் வைத்தியரிடம் காட்டாமல் பூட்ட வேண்டாம். கோபுரத்துக்கும் பாடசாலை மண்டபத்துக்கும் அள்ளிக் கொடுக்கும் ஊர்ச் சங்கங்கள், வைத்தியசாலை ஊடாகப் புது மெஷின்களை இரவல் கொடுக்கும் ஒரு நிதியை யோசிக்கலாமே.

இந்த வருத்தம் படுக்கையறையோடு நிற்பதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு 400 கிலோமீற்றர் அளவு. அந்த இரவு பஸ்களில் நாம் உறங்கிக்கொண்டு போகிறோம், சாரதி உறங்கமாட்டார் என்ற நம்பிக்கையில். சாரதிகளை இதற்காகப் பரிசோதிக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் உண்மையைச் சொன்னவரின் வேலை பறிபோகுமென்றால் எவரும் வாய் திறக்கமாட்டார். சிகிச்சை எடுத்துத் தேறியவர் மறுபடி ஸ்ரியரிங் பிடிக்கலாம். அந்த உறுதியைப் பஸ் உரிமையாளர்கள்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

இன்றிரவு உங்கள் வீட்டில் குறட்டைச் சத்தம் திடீரென்று நின்றால், நிம்மதியென்று திரும்பிப் படுக்காதீர்கள். எண்ணுங்கள். பத்தைத் தாண்டித் திணறலோடு மூச்சு வந்தால், அந்தக் கணக்கைக் கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.